எதிர்ச்சொல்லில் பொருள் கண்ட மருத்துவர்

பள்ளியிலே நாம் எழுதிய ஆங்கிலத் தேர்வுத் தாள்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். எதிர்ச்சொல் தருக என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். ஐந்து சொற்கள், ஐந்து மதிப்பெண்கள். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல் என்று அட்டவணையை உருப்போட்டுச் சென்று, தாளில் இறக்கி வைத்துவிட்டு வெளியே வருவோம். மறுநாள் அச்சொற்கள் நம்மோடு இருப்பதில்லை. எதிர்ச்சொல் என்பது ஐந்து மதிப்பெண்ணுக்குரிய சிறு விளையாட்டு என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம்.

அதனை விளையாட்டாக எண்ணாத ஒருவர் இருந்தார். அவர் மொழிப் பேராசிரியர் அல்லர், மருத்துவர். உடலியல் கற்பித்தவர், கணக்கிடும் கருவி ஒன்றைச் செப்பனிட்டவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டன் இராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர். இருபத்தாறாம் வயதில் தம் சொந்த உதவிக்காகத் தொடங்கிய ஒரு சொற்பட்டியலை எழுபத்து மூன்றாம் வயதில் நூலாக்கி உலகுக்கு அளித்தவர். அவரே பீட்டர் மார்க் ரோஜே. ஆங்கிலம் எழுதுவோர் மேசைமீதெல்லாம் இடம்பெற்ற தெசாரஸ் என்னும் சொற்களஞ்சியம் அவருடைய படைப்பு.

ஆங்கிலேய மருத்துவர் ஒருவரின் வாழ்வு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் மன்றத்து நண்பர்களில் பலர் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்கள். கொச்சிக்கு வந்து முதுகலை அறிவியல் வகுப்பில் அமர்ந்தபின், கடினமாயிருப்பது பாடமா, மொழியா என்று பிரித்தறிய முடியாமல் திகைக்கின்றனர். பாடம் விளங்கியிருந்தும் சொல் கிடைக்காமல் வாய்மூடி நிற்கும் மாணவனை அறிவில்லாதவன் என்று பிறர் எண்ணிவிடுகின்றனர். சில திங்களில் அவனே தன்னை அவ்வாறு எண்ணத் தொடங்குகிறான். இது சிறிய இழப்பன்று. எண்ணம் முன்னே நிற்க, சொல் பின்தங்கிவிடும் இந்த இடரை ரோஜேயும் நன்கு உணர்ந்தவர். அதற்கு அவர் கண்ட வழி நமக்கும் உதவும்.

தந்தையை இழந்த சிறுவன்

ரோஜே 1779ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் இலண்டன் மாநகரில் சோகோ பகுதியில் பிறந்தார். தந்தை ழான் ரோஜே ஜெனீவா நகரத்தவர். இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டு மக்களின் கோயிலில் போதகராக இருந்தவர். தாய் காதரின் ரோமிலியின் முன்னோரும் சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு வெளியேறியவர்களே. ஆகவே ஆங்கிலச் சொற்களுக்குக் களஞ்சியம் கண்டவர், குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை. பிறந்த ஊர் ஒன்று, முன்னோர் மொழி ஒன்று என்னும் நிலை அவருக்குப் புதிதன்று. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு வந்த நமக்கு இச்செய்தி ஆறுதல் தருவதாகும்.

1783இல் தந்தை காசநோயால் மறைந்தார். சிறுவனுக்கு அப்போது வயது நான்கு. கவலையே வடிவான தாய், பிள்ளைகளோடு ஊர் ஊராக வீடு மாற்றிக் கொண்டிருந்தார். நிலையான வீடில்லாத அச்சிறுவன் நிலையான ஒன்றைத் தன் குறிப்பேட்டில் தேடிக்கொண்டான். எட்டு வயதிலேயே இலத்தீன் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருள்களையும் விலங்குகள், உடலுறுப்புகள் என்றெல்லாம் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதி வைத்தான். மற்றச் சிறுவர் கூழாங்கல்லைச் சேர்ப்பதுபோல் அவன் சொற்களைச் சேர்த்தான். வெறுமனே சேர்க்கவில்லை, இனம் பிரித்துச் சேர்த்தான் என்பதே கவனிக்கத்தக்கது.

பதினான்காம் வயதில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் நுழைந்து, பத்தொன்பதாம் வயதில், 1798இல், மருத்துவப் பட்டம் பெற்றார். இத்துணை இளைஞரிடம் நோயாளிகள் வருவார்களா? எனவே ஆராய்ச்சிப் பக்கம் சென்றார். 1799இல் பிரிஸ்டலுக்கு அருகே கிளிஃப்டனில் தாமஸ் பெடோஸ் என்னும் மருத்துவர் வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முயன்று வந்தார். அங்கே அம்ஃப்ரி டேவி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவைத் தாமே முகர்ந்து ஆராய்ந்து கொண்டிருந்தார். ரோஜேயும் அதை முகர்ந்து தம் அனுபவத்தை எழுதிக் கொடுத்தார். மற்றவர் இன்பம் என்று எழுதியதை அவர் இன்பமாக உணரவில்லை. உணராததை உணர்ந்ததாக எழுதவும் இல்லை. பின்னாளில் மெய்க்கும் பொய்க்கும் பிழைக்கும் உள்ள வேற்றுமையை வகுத்துக் காட்டியவர், இளமையிலேயே அதைக் கடைப்பிடித்தார் எனலாம்.

சிறைக்குத் தப்பியவர்

1802இல் மான்செஸ்டர் பருத்தி ஆலை முதலாளி ஒருவரின் இரு மைந்தரை அழைத்துக்கொண்டு ஆசிரியராக ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பாரிசைக் கண்டு ஜெனீவா சேர்ந்தனர். 1803இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட இடங்களில் உள்ள ஆங்கிலேய ஆடவரைப் பிடித்து வைக்குமாறு நெப்போலியன் ஆணையிட்டான். ஜெனீவாவும் அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது.

ரோஜேக்கு இப்போது ஒரு சொல் உயிர்காத்தது. ஆங்கிலேயர் என்று எழுதப்பட்டால் சிறை. ஜெனீவாக் குடிமகன் என்று எழுதப்பட்டால் விடுதலை. தந்தையின் பிறப்பைச் சான்றுகாட்டி அக்குடியுரிமையைப் பெற்றார். மாணவர் இருவரையும் கைவிடாமல் செருமானிய நாட்டு வழியாக மீட்டுக்கொண்டு தாயகம் சேர்ந்தார்.

1804இல் மான்செஸ்டர் மருத்துவமனையில் மருத்துவரானார். நோயாளிகளைப் பார்ப்பதோடு மாணவர்களுக்கு உடலியல் சொற்பொழிவும் ஆற்ற வேண்டியிருந்தது. எழுத அமர்ந்தால் கருத்து வரும், சொல் வராது. அகராதியைப் புரட்டினாலோ, முதலில் சொல் தெரிந்திருக்க வேண்டும். பிறகுதான் பொருள் கிடைக்கும். பொருள் தெரிந்து சொல் தெரியாதவனுக்கு அகராதி என்ன செய்யும்? தாகமுடையவனிடம் நீரின் பெயரைக் கேட்டால்தான் நீர் தருவேன் என்பது போலன்றோ இது!

ஆகவே 1805இல் தமக்கென்று ஒரு பட்டியல் எழுதினார். அகர வரிசையில் அன்று, கருத்து வரிசையில். ஒரு கருத்தின்கீழ் அதற்குரிய சொற்கள் எல்லாம். அச்சிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது இல்லை. எழுதும்போதெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். புதுச் சொல் கிடைக்கும்போதெல்லாம் சேர்த்தார். இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அது அவரோடு இருந்தது.

பலதுறை உழைப்பு

1808இல் ரோஜே இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகளுக்கான மருந்தகம் ஒன்றை நிறுவ உதவி, ஊதியமின்றிப் பல்லாண்டு அங்கே பணியாற்றினார். அறிவியலில் அவர் கைவைக்காத துறை அரிது. 1814இல், மடக்கையின் மடக்கையை அளவுகளாகக் கொண்ட சிலைடு ரூல் ஒன்றை இராயல் சொசைட்டிக்கு விளக்கினார். படிகளையும் மூலங்களையும் அக்கோலை நகர்த்தியே காண இயலும். அதற்காக அடுத்த ஆண்டே அக்கழகத்தின் உறுப்பினரானார். மின்கணிப்பான் வரும்வரையில் பொறியாளர் சட்டைப்பையிலிருந்த கோல்களில் இவர் வகுத்த அளவுகளின் வழிவந்தவையும் இருந்தன.

1824இல் வேறோர் ஆய்வு. செங்குத்தான இடைவெளிகளின் ஊடே உருண்டோடும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால் ஆரக்கால்கள் வளைந்து தோன்றுவது ஏன் என்று கணித முறையில் விளக்கினார். பெல்ஜிய நாட்டுப் பிளாட்டோ முதலியோர் இத்துறையை மேலும் ஆராய்ந்து, அசையும் படம் காட்டும் விளையாட்டுக் கருவிகளைச் செய்தனர். 1827இல் இலண்டன் குடிநீரை ஆராய அரசு அமைத்த மூவர் குழுவில் பொறியாளர் டெல்ஃபோர்டு, வேதியியலார் பிராண்டு ஆகியோருடன் ரோஜேயும் இருந்தார். எளிய மக்களும் வாங்கிப் படிக்கும் வண்ணம் மின்சாரம், காந்தம் பற்றிய சிறு நூல்களும் எழுதினார். 1834இல் விலங்கு, தாவர உடலியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

வெளியுலகில் இவ்வளவு வெற்றி. உள்வாழ்வோ துயரம் நிறைந்தது. தந்தைக்கு நிகராக அவரைப் பேணியவர் தாய்மாமன் சாமுவேல் ரோமிலி. ஆங்கிலச் சட்டத்தின் கொடுந்தண்டனைகளைக் குறைக்கப் பாடுபட்ட பெருமகன். 1818ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ரோமிலியின் மனைவி மறைந்தார். துயர் தாளாத ரோமிலி நான்கு நாளில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மருத்துவராக உடனிருந்த ரோஜேயால் காக்க முடியவில்லை. 1824இல் மேரி ஆப்சன் என்னும் நங்கையை மணந்தார். பெண் ஒன்றும் ஆண் ஒன்றுமாக இரு குழந்தைகள் பிறந்தன. 1833இல் மனைவியும் மறைந்தார். இத்தனைக்கும் நடுவே சொற்பட்டியல் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. கலங்கிய உள்ளம் ஒழுங்கான ஒன்றைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தது போலும்.

இரண்டு பத்திகள்

1827 முதல் வகித்து வந்த இராயல் சொசைட்டிச் செயலாளர் பதவியை 1848இல் விட்டார். அங்கே அவரைக் குறைகூறியோரும் பலர் இருந்தனர். எழுபதை நெருங்கியவர் ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் பழைய பட்டியலை எடுத்துத் தூசி தட்டினார். ஏறக்குறைய நான்காண்டு இடையறாது உழைத்தார். 1852இல் இலண்டன் லாங்மன் நிறுவனத்தார் அதை வெளியிட்டனர்.

கருத்துலகம் முழுவதையும் ஆறு பெரும் வகுப்புகளாகப் பிரித்தார். கருத்தளவான உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, துணிவு, உணர்வு என்பன அவை. ஆறும் கிளைத்து ஆயிரம் தலைப்புகள் ஆயின. அவற்றுள் முதல் தலைப்பு இருத்தல். இரண்டாம் தலைப்பு இல்லாமை. பக்கத்தை இரண்டு பத்திகளாக்கி, ஒரு கருத்துக்குரிய சொற்களை இடப்புறமும் அதற்கு மறுதலையான கருத்துக்குரிய சொற்களை வலப்புறமும் எதிரெதிரே நிறுத்தினார். இவ்வமைப்பே அந்நூலின் உயிர். ஒளியைத் தேடி வந்தவன் இருளையும் காண்பான். இருளைக் கண்டபின் ஒளியின் எல்லை இன்னதென்று தெளிவான். நூலின் இறுதியில் அகர வரிசைச் சுட்டியும் உண்டு. ஒரு சொல் தெரிந்தால் அதன் எண்ணைக் கண்டு அந்தத் தலைப்புக்குச் சென்றுவிடலாம்.

ஒரு சொல்லுக்கு ஓர் எதிர்ச்சொல்தான் என்று பள்ளி அட்டவணை நமக்குக் கற்பித்தது. ரோஜே தம் முன்னுரையில் அதை மறுக்கிறார். ஆங்கிலத்தில் ஓல்டு என்ற சொல்லை எடுத்துக்காட்டுகிறார். பொருளைக் குறித்தால் அதற்கு எதிர் நியூ. உயிரைக் குறித்தால் எதிர் யங். தமிழர்க்கு இது உடனே விளங்கும். பழைய வீட்டுக்கு எதிர் புதிய வீடு. முதிய மனிதருக்கு எதிர் இளைய மனிதர். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டு சொல்லால் பிரித்து வைத்திருக்கிறது. லைட் என்ற சொல்லும் அத்தகையதே. இருளுக்கு எதிரே நின்றால் ஒளி. கனத்துக்கு எதிரே நின்றால் இலேசு. ரைட் என்பது தவற்றுக்கு எதிரே சரி. இடத்துக்கு எதிரே வலம். கடமைக்கு எதிரே உரிமை. எதிரே நிற்பது எது என்று தெரிந்தால்தான் முன்னே நிற்பதன் பொருள் தெரியும். ரோஜேயின் இரண்டு பத்திகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

ஆங்கிலத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? நாம் வாழும் இவ்வூரிலேயே பார்க்கலாம். போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மலையாளம், தமிழ், கொங்கணி, குசராத்தி எல்லாம் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஊரிலிருந்து புதிதாய் வந்த தமிழன், உணவு விடுதியில் வெள்ளம் வேண்டுமா என்று கேட்கப்பட்டால் திடுக்கிடுவான். தமிழில் வெள்ளத்துக்கு எதிர் வறட்சி. மலையாளத்திலோ வெள்ளம் என்பது வெறும் தண்ணீர். பெருக்கெடுத்து வருவதற்கு வெள்ளப்பொக்கம் என்று வேறு சொல் உண்டு. ஒலி ஒன்றுதான், எதிரே நிற்பது மாறியதும் பொருள் மாறிவிட்டது.

பிழையும் பொய்யும்

ரோஜே காட்டும் மற்றோர் எடுத்துக்காட்டு அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்தத்தக்கது. ட்ரூத் என்னும் உண்மைக்கு எதிர் எது? அது உலகில் உள்ள நிலையைக் குறிக்குமானால் எதிர்ச்சொல் எரர், அதாவது பிழை. ஒருவர் பிறருக்கு எடுத்துச் சொல்வதைக் குறிக்குமானால் எதிர்ச்சொல் ஃபால்ஸ்வுடு, அதாவது பொய். நம் முன்னோரும் உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று உள்ளத்துக்கும் வாய்க்கும் மெய்க்கும் தனித்தனியே சொல் கண்டனர்.

ஆய்வுக்கூடத்தில் இந்த வேற்றுமை எவ்வளவு பெரியது! ஊசலை ஆட்டி அளவெடுக்கிறோம். புத்தகத்து எண் வரவில்லை. சற்றே விலகி வருகிறது. குறிப்பேட்டில் எரர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அச்சொல்லைக் குற்றம் என்று புரிந்துகொண்ட மாணவன் அஞ்சுகிறான். அளவுகளைத் திருத்திப் புத்தகத்து எண்ணை வரவழைக்கிறான். பிழையை மறைக்கப் போய்ப் பொய்யைச் செய்துவிட்டான். அளவைப் பிழை என்பது கருவிக்கும் கண்ணுக்கும் இயல்பாக உள்ள எல்லை. அதை மறைக்காமல் எழுதுவதே அறிவியலின் நேர்மை. ஒரு சொல்லுக்குத் தவறான எதிர்ச்சொல்லை மனத்தில் கொண்டதால், நல்ல மாணவன் நாணயம் இழக்க நேர்ந்தது. எதிர்ச்சொல் ஐந்து மதிப்பெண் விளையாட்டன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்னொன்றும் உண்டு. எதிரெதிர்க் கருத்துகள் இரண்டனுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று நிற்கக்கூடும் என்றும் ரோஜே வகுத்தார். குழிவுக்கும் குவிவுக்கும் நடுவே சமதளம். விருப்புக்கும் வெறுப்புக்கும் நடுவே இரண்டுமற்ற நிலை. நட்பு, பகை என்ற இரண்டோடு நொதுமல் என்ற மூன்றாவதையும் கண்ட தமிழர்க்கு இது புதிதன்று. விருப்பமில்லை என்றால் வெறுப்பு என்று பொருளாகாது. ஆங்கிலத்தில் அன்இன்டரஸ்டட் என்பவர் அக்கறையற்றவர். டிஸ்இன்டரஸ்டட் என்பவர் தந்நலம் கருதாத நடுநிலையாளர். ஒரு வழக்கைத் தீர்ப்பவர் இரண்டாமவராக இருக்க வேண்டும். முதலாமவராக இருந்தால் ஊர் கெடும்.

முன்னொட்டு செய்யும் மாயம்

ஆங்கிலத்தில் அன், இன், டிஸ், நான் முதலிய முன்னொட்டுகளைக் கண்டவுடன் இது எதிர்ச்சொல் என்று முடிவுகட்டி விடுகிறோம். நம் இலக்கண ஆசிரியர் எதிர்மறையில் மூன்று வகை கண்டனர். இன்மை, அன்மை, மறுதலை என்பன அவை. அரூபம் என்றால் உருவம் இல்லாதது, இது இன்மை. அஃறிணை என்றால் உயர்திணை அல்லாதது, இது அன்மை. அதர்மம் என்றால் தருமத்துக்கு நேர் மாறானது, இது மறுதலை.

இந்த மூன்று உரைகற்களையும் ஆங்கிலச் சொல்லில் உரைத்துப் பாருங்கள். நான்மெட்டல் என்பது உலோகத்துக்கு மறுதலையன்று. உலோகம் அல்லாதது, அவ்வளவே. ஏமாரல் என்பது ஒழுக்கம் என்ற எண்ணத்துக்கே இடமில்லாதது. இம்மாரல் என்பது ஒழுக்கத்துக்கு மாறானது. அணுவை ஏமாரல் எனலாம். அணுகுண்டை ஊர்மீது எறிவதை அவ்வாறு சொல்லி நழுவிவிட முடியுமா? இன்வேல்யுபிள் என்றால் மதிப்பற்றது அன்று. மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது.

எல்லாவற்றினும் இடர்மிக்கது இன்ஃப்ளேமபிள் என்னும் சொல். வேதியியல் கூடத்துப் புட்டியில் இதனைக் கண்டு, இன் என்பது எதிர்மறை, ஆகவே இது தீப்பற்றாதது என்று ஒருவர் எண்ணினால் என்ன ஆகும்? அங்கே இன் என்பது எதிர்மறை அன்று; தீ மூட்டுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் வினையின் உறுப்பு. எளிதில் தீப்பற்றுவது என்பதே அதன் பொருள். இக்குழப்பம் உயிரைப் பறிக்கும் என்றுதான் இருபதாம் நூற்றாண்டில் எச்சரிக்கைச் சீட்டுகளில் ஃப்ளேமபிள் என்ற சொல்லைப் பரப்பினர். தீப்பற்றாததற்கு நான்ஃப்ளேமபிள் என்று எழுதினர்.

நிகண்டும் களஞ்சியமும்

கருத்து வரிசையில் சொல் தொகுத்தது தமது புதுக்கண்டுபிடிப்பு என்று ரோஜே பெருமை பேசவில்லை. வடமொழியில் அமரசிம்மர் செய்த அமரகோசத்தைத் தம் நூலில் குறிப்பிடுகிறார். கோல்புரூக் என்பார் ஆங்கிலப் பொருளுடன் பதிப்பித்து, 1808இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சான நூல் அது. அதன் பகுப்பு, மனவினைகளையும் கருத்துப்பொருள்களையும் பொறுத்தமட்டில் நிறைவுடையதன்று என்றும் அவர் கருதினார். அக்கருத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் தமிழ் நிகண்டுகளை அவர் கண்டிருந்தால் இன்னும் வியந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட திவாகரம் பன்னிரண்டு தொகுதிகள் உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று பத்துத் தொகுதிகளில் ஒருபொருட் பல்பெயர்கள். பதினொன்றாவதில் ஒருசொற் பல்பொருள். பன்னிரண்டாவதில் தொகைப் பெயர்கள். எதிர்ச்சொல்லையோ நம் யாப்பிலக்கணம் போற்றியது. அடிதோறும் சொல்லோ பொருளோ மாறுபட வரத் தொடுப்பதை முரண்தொடை என்று பெயரிட்டு, மோனை எதுகைகளோடு ஒருங்கே வைத்தது.

பின்னர் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்து, தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். விந்தை பாருங்கள்! பொருள் வரிசையிலிருந்து தமிழ் அகர வரிசைக்கு வந்தது 1732இல். அகர வரிசையில் பழகிய ஆங்கிலம் பொருள் வரிசைக்கு வந்தது 1852இல். எதிரெதிர்த் திசையில் நடந்த இரு மொழிகளும் வழியில் சந்தித்துக்கொண்டன. இரண்டு வரிசையும் வேண்டும் என்பதே அச்சந்திப்பின் பொருள். சொல் தெரிந்து பொருள் தேடுவோனுக்கு அகராதி. பொருள் தெரிந்து சொல் தேடுவோனுக்கு நிகண்டு.

இந்த உரையாடலில் கொச்சிக்கும் பங்குண்டு. 1578இல் கொல்லத்திலும், 1579இல் கொச்சியிலும் தமிழ் எழுத்தில் நூல்கள் அச்சாயின. என்ரிக்கே என்ரிக்கசு என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஆக்கிய கிரீசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சான நூல். அந்நாளில் ஐரோப்பியர் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்தனர். வேற்றுமொழிச் சொல்லுக்குத் தன் மொழியில் நேர்ச்சொல் தேடும் தொழில், நாம் நடமாடும் இக்கடற்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. நாம் அதன் கடைக்குட்டி மாணவர்கள்.

இறுதி நாட்கள்

நூல் வெளிவந்தபோது ரோஜேக்கு வயது எழுபத்து மூன்று. அதன்பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் காலத்திலேயே அந்நூல் இருபத்தெட்டு முறை அச்சாயிற்று. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் புதுச் சொற்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். 1869ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், மேற்கு மால்வெர்ன் என்னும் ஊரில் அமைதியாக மறைந்தார். மகன் சான் லூயிசு ரோஜேயும், அவருக்குப்பின் பேரன் சாமுவேல் ரோமிலி ரோஜேயும் நூலைப் பேணி வளர்த்தனர். சிலைடு ரூல் காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. உடலியல் நூல் பழமையாகிவிட்டது. தம் சொந்த உதவிக்காக எழுதிய சொற்பட்டியல் மட்டும் நின்று நிலைத்தது.

அந்நூலிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. அது சொற்களை வரிசையாய் நிறுத்தும், பொருள் சொல்லாது. இச்சொற்களை நீ முன்பே அறிந்தவன், நினைவூட்டினால் போதும் என்பது அதன் நம்பிக்கை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாம் அப்படியே நம்பி இறங்கினால் வழுக்கி விழுவோம். பட்டியலில் பளபளக்கும் சொல்லைப் பொறுக்கிக் கட்டுரையில் பதித்தால், மணக்கோலத்தில் சலவைக்குப் போனவன் கதையாகும். இன்று கைபேசியைத் தொட்டால் நூறு ஒத்தசொல் கொட்டுகிறது. அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும். களஞ்சியத்தில் சொல்லைக் கண்டபின் அகராதியில் பொருளைப் பார்த்து, நல்ல நூல்களில் ஆட்சியையும் பார்த்த பிறகே எடுத்தாள வேண்டும்.

நண்பர்களே, புதிய ஆங்கிலச் சொல்லைக் காணும்போது மூன்று வினாக்கள் கேட்போம். இந்த இடத்தில் இதற்கு எதிரே நிற்பது எது? இரண்டுக்கும் நடுவே வேறொன்று உண்டா? எதிர்மறையாயின் அது இன்மையா, அன்மையா, மறுதலையா? விடைகளைத் தமிழிலேயே எழுதுவோம். அதில் நாணம் எதற்கு? மன்ற அறையில் ஒரு பெரிய குறிப்பேடு வைப்போம். இடப்பத்தியில் சொல், வலப்பத்தியில் எதிர்ச்சொல், நடுவே தமிழ் விளக்கம். இயற்பியலார் தம் சொல்லை எழுதட்டும்; வேதியியலார், கடலியலார் தத்தம் சொல்லை எழுதட்டும். நாம் பட்டம் பெற்றுச் சென்றபின் வருகின்ற தம்பி தங்கையர் அதில் மேலும் எழுதட்டும். ரோஜேயின் பட்டியல் நூலாக நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. நம் குறிப்பேட்டில் முதற்பக்கத்தை இந்த வாரமே எழுதிவிடலாம்.